தெர்மோகோல் காலியா

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஒரே ஒரு கப்பல்தான் இருக்கிறது. நீளமாக ஒரு தெர்மோகோல் உடம்பு. இரண்டு பக்கமும் வரிசையாக வட்ட ஜன்னல். மேலே மூன்று புகைபோக்கி. புகைக்குப் பஞ்சு. செப்டம்பர் 5-ம் தேதி வந்தால் அதன் நெற்றியில் 'எஸ்.எஸ்.காலியா' என்று எழுதி, பக்கத்தில் மீசை ஒட்டிய ஒரு பையனை நிறுத்தி, 'கப்பலோட்டிய தமிழன்' என்பார்கள். அறிவியல் கண்காட்சி என்றால் பெயரைச் சுரண்டிவிட்டு 'டைட்டானிக்'. ஆடித் திருவாதிரைக்குப் புலிக்கொடி நட்டுவிட்டால் அதுவே ராஜேந்திர சோழனின் போர்க்கப்பல். நீராவிக் கப்பல் வருவதற்கு ஏழெட்டு நூற்றாண்டு முன்னாலேயே சோழன் புகைபோக்கி வைத்திருந்தான் போலிருக்கிறது!

சின்னப் பிள்ளைகள் ஆசையாகச் செய்வதைப் போய்க் குறை சொல்கிறாயே என்று கோபப்படாதீர்கள். நான் பிள்ளைகளைச் சொல்லவில்லை. அதைப் பார்த்து 'சூப்பர்' என்று முதல் பரிசு கொடுக்கிற பெரியவர்களைச் சொல்கிறேன். ஊர்வல வண்டி ஜோடிப்பவர்களை, சிலைக்குப் பக்கத்தில் சிமென்ட்டில் கப்பல் கட்டுகிறவர்களை, திறப்பு விழாவில் கைதட்டுகிற நம்மைச் சொல்கிறேன். கப்பல் என்றால் கப்பல் மாதிரி ஏதோ ஒன்று இருந்தால் போதும் என்று நாம் முடிவு கட்டி ரொம்ப நாளாகிவிட்டது.

போதாது என்பதுதான் என் கட்சி.

காலியாவையே எடுத்துக் கொள்ளுங்கள். சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபரில் பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். முதலில் வாடகைக் கப்பலை ஓட்டிப் பார்த்தார்கள். அது கையை விட்டுப் போனது. சொந்தக் கப்பல் வாங்காவிட்டால் கதை கந்தல் என்று புரிந்ததும் வ.உ.சி. பம்பாய்க்குப் போனார். 1907-ல் காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் 42 முதல் வகுப்பு, 24 இரண்டாம் வகுப்பு, 1,300 சாதாரணப் பயணிகள் போகலாம், 4,000 மூட்டை சரக்கும் ஏற்றலாம் என்று வ.உ.சி. வரலாறுகளில் படிக்கிறோம்.

இந்த நாலு வரியை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு நம்ம தெர்மோகோல் கப்பலைப் பாருங்கள். மூன்று பொய் தெரியும்.

முதல் பொய், வ.உ.சி. கப்பல் கட்டினார் என்பது. பல மேடைகளில் இப்படித்தான் பேசுகிறார்கள். அவர் கட்டவில்லை, வாங்கினார். பெயரைப் பார்த்தாலே தெரியும். சுதேசிக் கப்பலுக்கு ஒரு சுதேசி ஏன் 'காலியா' என்று பெயர் வைக்கப் போகிறார்? காலியா என்பது இன்றைய பிரான்ஸ் இருக்கும் பகுதியின் பழைய லத்தீன் பெயர். 'லாவோ' என்று நாம் எழுதுவதன் ஆங்கில எழுத்துக்கூட்டலை அப்படியே டச்சுக்காரர் படித்தால் 'லாவு' என்பார். ஜாவாத் தீவில் அந்தப் பெயரில் ஒரு மலை இருக்கிறது. பெயரே ஒரு துப்பு. வாங்கியதைச் சொல்வதில் என்ன கேவலம்? 25 ரூபாய் 25 ரூபாயாகச் சேர்த்து வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராகக் கப்பல் வாங்குவது, மரம் அறுத்துக் கப்பல் கட்டுவதைவிடப் பெரிய காரியம்.

இரண்டாவது பொய், அந்தச் சக்கரம். மீசை வைத்த பையன் கையில் ஒரு சுக்கான் சக்கரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வ.உ.சி. மாலுமி இல்லை. அவர் ஓட்டியது கம்பெனியை. பங்கு விற்றார், வணிகர்களிடம் கெஞ்சினார், கணக்குப் பார்த்தார், எதிராளி கட்டணத்தைக் குறைத்தால் பதிலுக்குக் குறைத்தார். எதிராளி என்றால் சாதாரண ஆளா? பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. பயணக் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு இறக்கி, கடைசியில் சும்மா வந்தாலே போதும், குடையும் தருகிறோம் என்கிற அளவுக்குப் போன கம்பெனி. அந்தச் சண்டையைக் காட்டாமல் சக்கரத்தைக் காட்டினால், பிள்ளைகள் மனசில் வ.உ.சி. ஒரு படகோட்டியாகப் பதிவார். ஒரு தொழில் யுத்தத்தின் தளபதி காணாமல் போவார்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பொய். கப்பல் அழகாக ஒரு கான்கிரீட் மேடையை ஒட்டி நிற்கும். பயணிகள் பலகை வழியாக ஏறுவார்கள். அன்றைய தூத்துக்குடியில் அது நடக்காது. கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளிக் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் படகிலும் தோணியிலும்தான் போய் ஏற வேண்டும். பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்கிற துறைமுகம் தூத்துக்குடிக்குக் கிடைத்தது 1974-ல். இன்று அதற்கு வ.உ.சி. பெயர்தான். ஆனால் அந்த மேடையை 1907-ல் கொண்டுபோய் வைத்தால், நடுவில் தண்டு வலித்த, மூட்டை தூக்கிய ஆயிரக்கணக்கான ஜனங்களை ஒரே ஒரு தெர்மோகோல் பலகையால் மூடிவிட்டோம் என்று அர்த்தம். 1908 பிப்ரவரி, மார்ச்சில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்ற மனிதரின் கப்பலில் தொழிலாளியே இல்லை!

இதைத்தான் நுணுக்கம் என்கிறேன். நுணுக்கம் என்பது கப்பலுக்கு நகை போடுவது இல்லை. எது எங்கே இருந்தது, எது இல்லை என்று சொல்வது. ஒரு மாதிரிக் கப்பல் என்பது கையால் எழுதிய வாக்குமூலம். 'இது இப்படி இருந்தது' என்று சத்தியம் செய்கிறது. அதனால்தான் பொய் சொன்னால் கோபம் வருகிறது.

*

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற மாதிரி எப்படியும் பொய் சொல்லிவிடலாம். தண்ணீரில் விட்டால் முடியாது. அதனால் எனக்கு ரேடியோ ரிமோட்டில் ஓடும் கப்பல்கள் மேல் மரியாதை அதிகம். இது நேற்று வந்த பொம்மை இல்லை. நிக்கோலா டெஸ்லா 1898-லேயே நியூயார்க்கில் கம்பியில்லாமல் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டிவிட்டார். காலியா தூத்துக்குடிக்கு வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னால்!

தென்காசி மாவட்டம் கடையத்தில், மழை முடிந்து நிரம்பிக் கிடந்த ஒரு குளத்தங்கரையில் ஒரு பையனைப் பார்த்தேன். பிளஸ் ஒன் படிக்கிறான். கையில் ரிமோட். தண்ணீரில் எண்பது சென்டிமீட்டருக்கு ஒரு சரக்குக் கப்பல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்து அமைப்பு. கறுப்பு உடம்பு, ஒற்றைப் புகைபோக்கி, இரண்டு பாய்மரக் கம்பம். அது மெள்ள, ரொம்ப மெள்ளப் போய்க்கொண்டிருந்தது. கரையில் நாலு பேர் கேலி.

"என்னல, உங்கப்பலுக்குச் சோறு போடலியா?"

"நெசக் கப்பல் இப்டித்தான் போவும் மாமா" என்றான் அவன், திரும்பாமலே.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்ற எஞ்சினீயர் மெழுகில் கப்பல் மாதிரிகள் செய்து, நீளமான தொட்டியில் இழுத்துப் பார்த்து நிறுவிய விதி அது. நூறில் ஒரு பங்கு அளவில் கப்பல் செய்தால், வேகத்தை நூறால் வகுக்கக் கூடாது. நூறின் வர்க்கமூலம் பத்து. பத்தால் வகுக்க வேண்டும். அப்போதுதான் முன்புறம் எழும் அலையும், பின்னால் விரிகிற அலையும் நிஜக் கப்பலின் அலை போலவே இருக்கும். பத்து நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் பதினெட்டரை கிலோமீட்டரில் போகிற சரக்குக் கப்பலின் மாதிரி, மணிக்கு 1.85 கிலோமீட்டரில் போக வேண்டும். கோயில் பிரகாரம் சுற்றுகிற பாட்டியின் வேகம்.

கடையில் வாங்குகிற ரிமோட் படகு விநாடிக்கு மூன்று மீட்டர் பாயும். பார்க்கக் குஷிதான். அந்த வேகத்தை இந்தக் கப்பலுக்குக் கொடுத்தால் கணக்கு என்ன சொல்கிறது தெரியுமா? உங்கள் சரக்குக் கப்பல் மணிக்கு 108 கிலோமீட்டரில் போகிறது. நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ் மாதிரி.

எடைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. நூறில் ஒரு பங்கு என்றால் நீளம் நூறால், அகலம் நூறால், உயரம் நூறால் குறையும். எடை பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 3,000 டன் தண்ணீரை இடம்பெயர்க்கிற கப்பலின் மாதிரி சரியாக 3 கிலோ இருக்க வேண்டும். நம்மாட்கள் செய்கிற மாதிரி அரைக் கிலோகூட வராது. அதனால் தண்ணீரில் விட்டால் தக்கை மாதிரி மேலே மிதந்து, காற்றடித்தால் குடை சாயும். இந்தப் பையன் அடியில் ஈயக் குண்டுகளை மெழுகில் பதித்து, சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, பாரம் ஏற்றிய கப்பல் எந்தக் கோடு வரை முழுக வேண்டுமோ அந்தக் கோடு வரை முழுக வைத்திருந்தான். அந்தக் கோடு சும்மா வர்ணம் இல்லை ஸார். பேராசைக்கார முதலாளிகள் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைக் கடலில் சாகவிட்டதை எதிர்த்து சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. போராடினார். 1876-ல் பிரிட்டிஷ் சட்டம் அந்தக் குறியைக் கட்டாயமாக்கியது. ஒரு மெல்லிய கோட்டுக்குள் அத்தனை பேர் உயிர் இருக்கிறது.

"காலியான்னு பேர் எழுதலியா?" என்று கேட்டேன்.

"இது அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் ஒண்ணோட ப்ளான் ஸார். காலியாவோட ப்ளான் கையில இல்லாம காலியான்னு எப்டி எழுத?"

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. பதினாறு வயதுப் பையனுக்கு இருக்கிற இந்த நாணயம் நம் நினைவு மண்டபங்களைக் கட்டுகிறவர்களுக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கண்காட்சியில் பரிசு கிடைத்ததா என்று கேட்டேன். இல்லையாம். எல்.இ.டி. சரம் சுற்றிய தெர்மோகோல் கப்பலுக்கு முதல் பரிசு. இவனுடைய கப்பல் 'கலர்ஃபுல்லாக இல்லை' என்று சொல்லிவிட்டார்களாம். ஏழு மாத வேலை. எந்தப் பள்ளி என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பள்ளியும்தான்.

*

எதிர்த்தரப்பில் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களையும் விட்டுவிடக் கூடாது. நுணுக்கம் என்றால் நிறையச் சாமான் ஒட்டுவது என்று நினைப்பவர்கள். நகரங்களில் இருக்கிற பணக்கார மாடல் பிரியர்களிடம் இந்த வியாதி அதிகம். எங்கு பார்த்தாலும் ரிவெட். எங்கு பார்த்தாலும் துரு. வலை வலையாகக் கயிறு.

அன்றைய இரும்புக் கப்பல்களின் தகடுகளை ரிவெட் அடித்துத்தான் இணைத்தார்கள். உண்மை. அந்த ரிவெட்டின் தலை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். நூறில் ஒரு பங்கில் அது 0.2 மில்லிமீட்டர். கையளவு தூரத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கடுகு கடுகாகப் பிசின் சொட்டு வைத்திருக்கிறீர்கள். நிஜக் கப்பலில் அது உரித்த தேங்காய் அளவு. உங்கள் கப்பலின் உடம்பு முழுக்கத் தேங்காய் முளைத்திருக்கிறது! கட்டியிருக்கிற சணல் கயிறு இரண்டு மில்லிமீட்டர் என்றால், நிஜத்தில் இருபது சென்டிமீட்டர் தடிமன். தென்னை மரத்தையே கயிறாகத் திரித்த மாதிரி. துருவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தினமும் ஆள் வைத்துச் சுரண்டி வர்ணம் அடித்துக்கொண்டே இருப்பதுதான் கப்பல் வாழ்க்கை. இவர்கள் செய்கிற கப்பல் எல்லாம் உடைக்கப் போகிற கப்பல் மாதிரியே இருக்கிறது.

ஆகவே நுணுக்கத்தின் முதல் விதி, எதை விடுவது என்பது. ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருங்கினால் அதை விட்டுவிடுவதுதான் நிஜம். இரண்டாவது விதி, எங்கே சமரசம் செய்தாய் என்று ஒப்புக்கொள்வது. தண்ணீரில் ஓடுகிற மாதிரிக்குச் சுக்கானைக் கொஞ்சம் பெரிதாகத்தான் வைப்பார்கள். சரியான அளவில் வைத்தால் அந்த மெதுவான வேகத்தில் கப்பல் திரும்பாது. அது தப்பில்லை. 'தண்ணீருக்காகச் சுக்கானைப் பெரிதாக்கினேன்' என்று ஒரு காகிதத்தில் எழுதிவிட்டால் தீர்ந்தது. ரேடியோவில் ஓடும் மாதிரிகளுக்கு உலகப் போட்டி நடத்துகிற நாவிகா அமைப்பில், நடுவர்கள் கப்பலை மட்டும் பார்ப்பதில்லை. வரைபடம் எங்கே, புகைப்படம் எங்கே என்று கேட்பார்கள். ஆதாரத்தோடு ஒப்பிட்டுத்தான் மார்க். நம் என்.சி.சி. கடற்படைப் பிரிவின் அகில இந்திய முகாமிலும் கப்பல் மாதிரி செய்வது ஒரு போட்டிதான். அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒழுங்கில் கால்வாசி நம் ஊர்வல வண்டிகளுக்கு வந்தால் போதும்.

அரசாங்கம் இதைச் செய்ய முடியாதா என்றால், முடியும். கௌண்டின்யா கப்பலைப் பாருங்கள். அஜந்தா குகையில் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியத்தில் ஒரு கப்பல் இருக்கிறது. வரைபடம் கிடையாது, அளவு கிடையாது, ஒரு சித்திரம்தான். அதை வைத்துக்கொண்டு, ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, கேரளத்துத் தச்சர்கள் நிஜக் கப்பலையே கட்டினார்கள். முதலில் சின்ன மாதிரி செய்து சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் தண்ணீரில் சோதித்தார்கள். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அந்த டிசம்பரில் போர்பந்தரிலிருந்து மஸ்கட்டுக்குக் கிளம்பியது. ஓவியத்திலிருந்து மாதிரி, மாதிரியிலிருந்து கடல். எழுந்து நின்று கைதட்டலாம்.

ஆனால் பாய்மரத்தில் கண்டபேரண்டப் பறவை. முகப்பில் சிம்ம யாளி. மேல்தளத்தில் ஹரப்பா பாணியில் ஒரு கல் நங்கூரம். அடையாளத்துக்காக வைத்தது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், அது நேர்மை. இருந்தாலும் கேட்கிறேன். கப்பலின் அடிப்பாகத்துக்கு அத்தனை கணக்குப் போட்டவர்கள், மேல்தளத்தில் மட்டும் மூவாயிரம் வருஷத்தை ஏன் ஒரே கொலுப்படியில் வைத்தார்கள்? தண்ணீருக்குக் கீழே விஞ்ஞானம், மேலே குடியரசு தின ஊர்வலம்!

சோழர் கப்பல் விஷயத்தில் நாம் இதைவிட மோசம். 1025-ல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயம் வரை படை அனுப்பினான் என்பதற்கு மெய்க்கீர்த்தி ஆதாரம் இருக்கிறது. ஆனால் முழுதாகக் கிடைத்து, அளந்து, வரைந்து வைக்கப்பட்ட சோழர் கப்பல் என்று ஒன்று கிடையாது. பூம்புகார்க் கடலில் மூழ்கிய கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து எடுத்த ஈயக் கட்டிகளில் பிளாக்கெட் என்ற ஆங்கிலப் பெயரும், 1791, 1792 என்று வருஷமும் பொறித்திருந்தன. சோழன் ஆங்கிலத்தில் முத்திரை போட்டிருக்க மாட்டான் அல்லவா? இருந்தும் அடுக்கு மாளிகை மாதிரி சோழக் கப்பல் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கின்றன. இல்லாத கப்பலுக்கு இத்தனை நுணுக்கம். இருந்த கப்பலுக்குத் தெர்மோகோல்.

*

என் மேல் வீசப்படுகிற வழக்கமான மூன்று கல்லுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

'ஆதாரம் கிடைக்கவில்லையே, என்ன செய்வது?' கிடைத்த வரைக்கும் செய். கிடைக்காத இடத்தை வெறுமையாக விடு. அல்லது 'இது ஊகம்' என்று எழுது. உடைந்த பானையை ஒட்டுகிறவர்கள் இல்லாத துண்டை வேறு நிறத்தில் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் முறை. ஆதாரம் இல்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. ஆ.இரா.வேங்கடாசலபதி வருஷக்கணக்கில் ஆவணங்களில் தலையைக் கொடுத்து சுதேசிக் கப்பல் கம்பெனியின் கதையை 2023-ல் புத்தகமாக்கினார். திருநெல்வேலி எழுச்சி பற்றிய அவருடைய தமிழ் நூலுக்கு 2024-ம் வருஷத்து சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. விருதுக்குச் சால்வை போட்ட எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்துவிட்டு மண்டபத்தில் கப்பல் வைக்கிறார்கள்?

'அளவு, வரைபடம் இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு.' இதைச் சொல்கிறவரைக் குற்றாலத்துச் சித்திர சபைக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தச் சுவர்களில் விரல்நகம் வரை பார்த்துப் பார்த்துத் தீட்டியவன் எந்த வெள்ளைக்காரன்? நம் கடற்கரையில் ஓடாவிகள் காகிதமே இல்லாமல் முழுத் தோணியின் அளவையும் தலைக்குள் வைத்திருந்தார்கள். குறை நுணுக்கத்தில் இல்லை, எழுதி வைக்காததில் இருக்கிறது. எழுதி வைத்தது யார்? பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. சோழமண்டலக் கரைக்கு வந்து நம் சலங்கையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்து 1840-களில் புத்தகம் போட்டார். பிற்பாடு பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளராகி மாதிரிகளும் செய்ய வைத்தார். நம் படகின் விலா எலும்பை எண்ணிப் பார்க்க நாம் பாரிஸுக்கு விசா எடுக்க வேண்டும்.

'உணர்ச்சிதானே முக்கியம்? தியாகம் மனசில் பதிந்தால் போதாதா?' இதுதான் பெரிய கல். பதில், பதியாது. வ.உ.சி. சிறையில் இழுத்த செக்கைப் பாதுகாத்து வைத்திருக்கிறோம். அது நிஜச் செக்கு. அதன் முன்னால் நிற்கிறவர்கள் தன்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லும் அந்த எடையும் பேசுகின்றன. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. தெர்மோகோல் கப்பலின் முன்னால் நின்று யாராவது அழுதிருக்கிறார்களா? செல்ஃபி எடுக்கிறார்கள். செக்கிழுத்தது நிஜமாகவும், கப்பலோட்டியது கார்ட்டூனாகவும் நிற்பதால், அவருடைய தோல்வி மட்டும் நம் கைக்குத் தட்டுப்படுகிறது. எதற்காகச் செக்கிழுத்தாரோ அந்தச் சாதனை புகையாகிவிடுகிறது. பஞ்சுப் புகை.

கடையத்துக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். 'இந்தியா' பத்திரிகையில் சுதேசிக் கப்பல் கம்பெனிக்காகக் குரல் கொடுத்த பாரதி, 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்ததும் போய்ச் சேர்ந்தது செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்துக்குத்தான். 1920 வரை இங்கே இருந்தார். அந்த நாட்களில்தான், 1919-ல் காரைக்குடிக்குப் போனபோது, கையில் கோலோடு ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டார். பாரதியின் அசல் புகைப்படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தப் படத்தில் இருப்பது கன்னம் ஒட்டிய, தாடி வைத்த ஒரு மனிதர். நாம் என்ன செய்தோம்? தாடியை மழித்தோம். கன்னத்துக்குச் சதை போட்டோம். முண்டாசை இஸ்திரி போட்டோம். பசித்த கவிஞன் காலண்டரில் மாப்பிள்ளை ஆகிவிட்டான். முகத்துக்கு நடந்தது கப்பலுக்கும் நடக்கிறது. விவரத்தை அழித்தால் வலியும் சேர்ந்து அழிந்துவிடும். அழிப்பவர்களுக்கு ஒருவேளை அதுதான் சௌகரியம்.

2022 குடியரசு தினத்துக்கு வ.உ.சி.யும் பாரதியும் வேலு நாச்சியாரும் இருந்த தமிழ்நாட்டின் அலங்கார ஊர்தியை டெல்லி ஏற்கவில்லை. மாநிலமே கொதித்தது. நியாயமான கொதிப்பு. அதே ஊர்தியைச் சென்னையில் ஓட்டினோம். அந்தக் கோபத்தில் பத்தில் ஒரு பங்கை, 'அவர் கப்பல் நிஜத்தில் எப்படி இருந்தது?' என்று கேட்பதற்குச் செலவழித்திருந்தால் இன்று ஒரு நல்ல மாதிரியாவது நம்மிடம் இருந்திருக்கும்.

என்ன செய்யலாம்? கோடி ரூபாய் மண்டபம் வேண்டாம். காலியா, லாவோ இரண்டின் பழைய பதிவுகளைத் தேடி எடுக்க இரண்டு ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுங்கள். ஐரோப்பாவில் கப்பல் பதிவேடுகளையும் கட்டுமான வரைபடங்களையும் பத்திரமாக வைக்கிற பழக்கம் உண்டு. கிடைக்கிற அளவை வைத்து, தண்ணீரில் ஓடுகிற மாதிரி ஒன்று தூத்துக்குடியில் செய்யுங்கள். கரையிலிருந்து தள்ளி நிற்கிற கப்பல், அதை நோக்கிப் போகிற தோணிகள், மூட்டை சுமக்கிற ஆட்கள் எல்லாவற்றோடும். பக்கத்தில் ஒரு பலகையில் எது ஆதாரம், எது ஊகம் என்று எழுதுங்கள். மிச்சமிருக்கிற தூத்துக்குடி மரத்தோணிகளை, ஓடாவிகள் உயிரோடு இருக்கும்போதே அளந்து வைத்துவிடுங்கள். பள்ளிக் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். 'கலர்ஃபுல்லா இருக்கே' என்று சொல்வதற்கு முன்னால், 'இதை எந்த அளவில் செய்தாய், ஆதாரம் என்ன?' என்று கேளுங்கள். பதில் சொல்கிற பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள்.

வ.உ.சி. பிறந்த செப்டம்பர் 5-தான் ஆசிரியர் தினமும். அடுத்த செப்டம்பரில் உங்கள் வீட்டுப் பிள்ளை கப்பல் செய்ய வேண்டும் என்று வந்து நின்றால், தெர்மோகோல் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு ஸ்கேல் வாங்கிக் கொடுங்கள்.